மூன்றாவது அலசல்

மானம் மருந்துக் கடையில் டியூப் கணக்கில் கிடைக்கிறது. ஒரு டியூப் அரைநாள் கூலி, பேரம் கிடையாது. எதற்கென்று சொல்லாமல் வாங்க வேண்டுமானால், கூட்டம் குறையும்வரை எதிர்க் கடையில் பூட்டு விலை விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாத்து அப்படி நின்று நின்று, இரண்டு மாதத்தில் பூட்டுகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டான். களிம்பு தீர்ந்துகொண்டே இருந்தது. அரிப்பு மட்டும் தீரவில்லை.

வாத்து என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, சலவைக்கூடம் வைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குடத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நடப்பவன்போல அகட்டி அகட்டி நடப்பான். சின்னவர்கள் "வாத்தண்ணே" என்றார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். நடைக்குக் காரணம் கேட்காதவரை என்ன பெயர் வைத்தால் என்ன?

அன்றும் கிழக்கு வெளுப்பதற்குள் பாய்லர் உறுமத் தொடங்கிவிட்டது. வாத்து முதல் டிரம்மின் கதவைத் திறந்தான். ஆவி முகத்தில் அறைந்தது. உள்ளே ஓட்டல் படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தண்ணீர் குடித்த விரிப்பு, மயங்கி விழுந்த ஆளைப்போலக் கனக்கும்; இடுப்பில் அணைத்துத்தான் தூக்க வேண்டும். அணைத்தால் சலவைச் சோடாத் தண்ணீர் வயிற்றில் வழிந்து, சீருடைக்குள் இறங்கி, எங்கே போய்த் தேங்கக்கூடாதோ அங்கே போய்த் தேங்கும். இரண்டாவது விரிப்பிலேயே எரிச்சல் விழித்துக்கொண்டது. அதன்பின் அது அவனைவிடச் சுறுசுறுப்பு. இரண்டு கையிலும் ஈரத்துணி. சொறிய மூன்றாவது கை இல்லை. இருந்தாலும் நாலு பேர் நடுவில் அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோக முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு டிரம்மின் விளிம்பில் தொடையை அழுத்தினான். ஒரு நொடி சுகம். அடுத்த நொடி தீ.

கழற்றிவிட்டுக் காற்றாட நிற்கவும் வழியில்லை. நீலச் சீருடை, காற்றுப் புகாத பாலியஸ்டர். கூடத்துக்குள் எல்லோரும் அதைத்தான் போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. வீட்டுக் கிருமி விரிப்பில் ஏறிவிடும் என்று ஓட்டல்காரர்கள் போட்ட நிபந்தனை. அதனால் முதலாளியே அதைத் தினமும் இலவசமாகத் துவைத்துத் தருகிறார். கூலியை உயர்த்தச் சொல்லி யார் வாய் திறந்தாலும் அந்த இலவசத்தை எடுத்து முன்னால் வைப்பார்.

ஓட்டல்காரர்கள் போட்ட இன்னொரு நிபந்தனைதான் வாத்தின் வாயை அடைத்து வைத்திருந்தது. தோல் நோய் உள்ளவர் விரிப்பைத் தொடக்கூடாது. போன வருடம் பிழிசல் யந்திரத்தில் நின்ற பெரியவரின் கை வெந்து உரிந்திருந்தது. பார்வையிட வந்த ஓட்டல் மேலாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். மறுநாள் பெரியவர் இல்லை. கையாவது நாலு பேர் பார்க்கிற கை. இது?

சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் வீடு போகும்போலிருந்தது.

வீட்டில் நடந்தது இது. சலவைக்கூடத்து ஆட்களுக்கு எல்லா நம்பிக்கையும் சோடாவில்தான். அரித்தால் அழுக்கு, அழுக்கென்றால் சோடா. வாத்து தினமும் ஒரு பிடி சோடாத் தூளைச் சாப்பாட்டுப் பையில் முடிந்து எடுத்துவந்து, தன் உள்ளாடைகளை அதில் ஊறவைத்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொடி கட்டி ஒளித்துக் காயவைத்தான். காய்ந்தது அப்பளம்போல விறைக்கும். விறைத்தால் சுத்தம் என்று அர்த்தம். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவான். அரிப்பு கூடும். கூடினால் அழுக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மறுநாள் இரண்டு பிடி.

மனைவி அந்தக் கொடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு கைக்குட்டை துவைச்சிருப்பீங்களா?" என்றாள். "இப்ப உள்ள போடறத மட்டும் எனக்குத் தெரியாம துவைக்கிறீங்க. பாய தனியாப் போட்டுப் படுக்கறீங்க. கிட்ட வந்தா சுவரோட ஒட்டிக்கறீங்க. எங்க போய் எத வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஒன்னும் இல்லடி."

"ஒன்னும் இல்லாததுக்கா இவ்வளவு நுரை?"

அதற்குமேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். அவள் பாட்டுக்குத் தன் துணிகளைத் தகரப் பெட்டியில் மடித்து வைக்க ஆரம்பித்தாள். தினமும் ஒன்றிரண்டாக, அவன் பார்க்கும்படி. பெட்டி நிரம்பினால் அம்மா வீடு.

சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் தங்கை அதே கூடத்தில் மடிப்பு மேசையில் நிற்கிறாள். மனைவிக்குத் தெரிந்தால் மச்சினிக்குத் தெரியும். மச்சினி வாயில் விழுந்தது ஊர் வாயில் விழுந்ததுதான். அதுவும் மாமனைக் கேலி செய்யவே பிறந்தவள். காலையில் அவன் உள்ளே நுழைந்தால், "வழி விடுங்க, வழி விடுங்க, மாமா ரெண்டு ஆள் அகலத்துக்கு வராரு!" என்பாள். எப்போதும் மேசை விளிம்பில் சாய்ந்து, காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டே சொல்வாள். சின்னப் பெண், நிற்க வணங்காத உடம்பு என்று வாத்து நினைத்திருந்தான்.

மதிய மணி அடித்தும் யாரையும் சாப்பிட விடவில்லை. முதலாளி வந்திருந்தார். கூடவே மேஸ்திரி, கையில் காலி மூட்டையோடு.

"மாசம் ஒரு மூட்டை சோடா போதும்" என்றார் மேஸ்திரி. "இந்த மாசம் மூணாவது காலி. எலியா தின்னுது?"

"எலி இதத் தின்னாது" என்றார் முதலாளி. அவர் குரலை உயர்த்துவதே இல்லை. உயர்த்தினால் அதற்கும் செலவாகும் என்று நினைப்பவர். "அவங்கவங்க சாப்பாட்டுப் பைய மடிப்பு மேசைல வைங்க. திறங்க."

வாத்து பையை மார்போடு அணைத்துக்கொண்டான். திருடன் என்றால்கூடப் பரவாயில்லை. எதற்குத் திருடினாய் என்று கேட்பாரே!

முதல் பை பாய்லர்காரருடையது. கூடத்தில் மூத்தவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், கைப்பிடிக் கரியைக்கூட வெளியே கொண்டுபோகாதவர். பையில் சாப்பாட்டுத் தூக்கு, வெற்று பாட்டில், அடியில் கைக்குட்டையில் முடிந்த வெள்ளைத் தூள். எல்லோர் வாயும் திறந்தது. அடுத்து இஸ்திரி அக்கா. பத்து ஆண்களின் வாயை ஒரே அதட்டில் மூடுகிறவள். அவள் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பிடி. அடுத்தவன் பையிலும். அதற்கடுத்தவள் பையிலும். காகிதத்தில், பழைய காலுறையில், மருந்துப் புட்டியில். மேசைமேல் சின்னச் சின்ன வெள்ளை மூட்டைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வாத்து தன்னுடையதையும் வைத்தான். கடைசியாக மச்சினி, முகப்பவுடர் டப்பாவைத் திறந்தாள். அதற்குள்ளும் சோடா.

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை.

"எதுக்கு?"

"வீட்டுல துவைக்க மொதலாளி" என்று நாலைந்து குரல்கள் நன்றியோடு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டன.

"வீட்டுல என்ன துணி?"

"துணிதான்" என்றார் பாய்லர்காரர்.

"எந்தத் துணி?"

எல்லோரும் அவரவர் மூட்டையைப் பார்த்தார்கள். பிறகு அடுத்தவர் மூட்டையை. பிறகு, மெதுவாக, அடுத்தவர் முகத்தை. பத்துப் பதினைந்து வருடம் ஒரே ஆவியில் வெந்தவர்கள் அன்றுதான் முதல்முறையாகச் சந்திப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை முதலில் அடக்க முடியாமல் போனது மச்சினிக்குத்தான்.

"பாய்லர் அண்ணே! நீங்க எப்பவும் உக்காராததுக்குக் காரணம் மூலம்னு சொன்னீங்களே?"

பாய்லர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூலம்னா கொஞ்சம் மரியாதையா இருந்துச்சும்மா."

கூடம் குலுங்கியது. சிரிப்பு அடங்கும் முன்பே மச்சினி முதலாளியிடம் திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பாலா என்று சொல்ல முடியாது.

"உள்ள போடற துணி மொதலாளி. அரிக்குது. தோல் கிழிஞ்சு ரத்தம் வருது. ஒன்னுக்குப் போனா உயிர் போகுது, அதனால தண்ணியே குடிக்கறதில்ல. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சு செத்துக்கிட்டிருந்தேன்." பிறகு, "மாமா, உங்களுக்கும்தானே?" என்றாள்.

வாத்து தரையைப் பார்த்தான். தரை ஈரமாக இருந்தது.

இஸ்திரி அக்காதான் கேட்டாள். "ஏன்டா வாத்து, நம்ம சீருடைய நீதானே டிரம்முல போடறே? எத்தனை அலசல்?"

விரிப்புக்கு மூன்று அலசல். அது ஓட்டல் கணக்கு. முதல் அலசலில் அழுக்கு போகும். இரண்டாவதில் நுரை போகும். மூன்றாவதில்தான் சோடா போகும். இது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். லாரித் தண்ணீர் விலை ஏறியபோது, "நம்மாளு துணிதானே, அலசல் எதுக்கு? விரிப்பு அலசுன பழைய தண்ணியில முக்கிப் பிழிஞ்சுடு" என்று மேஸ்திரி சொன்னார். வாத்து முக்கிப் பிழிந்தான். தினமும். சீருடை வழவழவென்று வரும். துணி நல்ல பதம் என்று தானே சொல்லியும் இருக்கிறான்.

"அலசறதில்லக்கா" என்றான்.

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. சீருடையில் தங்கிய சோடா வியர்வையில் கரைந்து தோலைத் தின்றது. தின்ற தோலுக்கு மருந்தென்று ஆளாளுக்கு வீட்டில் இன்னும் சோடா. துவைப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், தங்களைத் தாங்களே துவைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் முதல் கை அவன் கை. இந்தப் பெண்ணின் ரத்தத்திலும் அது உண்டு.

"அலசச் சொல்லுங்க மொதலாளி" என்றாள் இஸ்திரி அக்கா. "விரிப்புக்குப் போடற மூணு அலசல எங்க துணிக்கும் போடுங்க. வேற எதுவும் கேக்கல."

"தண்ணி என்ன சும்மா வருதா?" முதலாளி மூட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். "என் சோடாவத் திருடித் தேச்சுக்கிட்டு, எரியுதுன்னா நான் பொறுப்பா? கூடத்துல செலவானதையும் சேத்து மூணு மூட்டை விலை கூலில பிடிச்சுக்கறேன். போலீசுக்குப் போகல, அது என் நல்ல மனசு." பிறகு மச்சினியைப் பார்த்தார். "நோய் இருக்குன்னு வாயால சொன்னது நீ ஒருத்திதான். ஓட்டல் விதி தெரியுமில்ல? நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"இவங்க எல்லாருக்கும்தான் மொதலாளி!"

"அவங்க யாரும் சொல்லலையே" என்றார் முதலாளி.

உண்மைதான். பாய்லர்காரர் மூலத்தைத்தான் மறுத்தார். இஸ்திரி அக்கா அலசலைத்தான் கேட்டாள். எனக்கு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள் மட்டும். வியாபாரி சரக்கின் ஓட்டையை உடனே பார்த்துவிடுவான்.

மாலையில் வாத்து வீட்டுக்கு வந்தபோது மச்சினி முன்னாலேயே வந்து அழுதுமுடித்திருந்தாள். தகரப் பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்டயா?" என்றான் வாத்து. "நான் எனக்கே இன்னும் சொல்லிக்கல."

அவள் எழுந்து மொட்டைமாடிக்குப் போனாள். தொட்டிக்குப் பின்னால் விறைத்துக் கிடந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் தண்ணீர் வந்து இரண்டு நாளாகியிருந்தது. குடிக்க வைத்திருந்த இரண்டு குடம்தான் வீட்டில். ஒன்றை அப்படியே வாளியில் கவிழ்த்தாள். அலசினாள், பிழிந்தாள், தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். மறுபடி அலசினாள்.

"அந்தப் புள்ள ஒத்தையா நிக்கறப்போ நீங்க தரையப் பாத்தீங்களாமே" என்றாள், தலை நிமிராமல்.

வாத்து காலிக் குடத்தை எடுத்து மூலையில் வைத்தான். அவளும் கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை.

இருட்டுவதற்குள் இஸ்திரி அக்கா வந்தாள். அவள் பின்னால் பாய்லர்காரர். பிறகு பிழிசல், மடிப்பு, மூட்டை தூக்குகிறவர்கள். ஓர் அறை வீடு நிரம்பி வாசலில் வழிந்தது. மனைவி பாயை விரித்தாள். யாரும் உட்காரவில்லை. உட்கார முடியாத கூட்டம் என்று புரிந்துகொண்டு அவளே பாயைச் சுருட்டி வைத்தாள்.

"நாளைக்குக் காலைல ஓட்டல் வண்டி வரும்" என்றாள் இஸ்திரி அக்கா. "அலசாத சீருடைய ஒருத்தரும் போடக்கூடாது. சீருடை இல்லாம உள்ள விடமாட்டாரு. விடலேன்னா வெளியவே நிப்போம். இந்தப் பொண்ணு உள்ள போனா நாமளும் போவோம்."

"வெளில ஆள் எடுத்துட்டா?" என்று ஒருவன் கேட்டான்.

"எடுப்பாரு" என்றார் பாய்லர்காரர். "பாய்லரப் பத்த வைக்கவும் எடுப்பாரா, பாக்கலாம்." தைரியமாகச் சொல்லத்தான் முயன்றார். குரல் நடுங்கியது. அவருக்குப் பேத்தி கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அப்படி ஏதோ ஒன்று. சரி என்று சொன்ன தலைகளைவிட, சொல்லாமல் பெருமூச்சு விட்ட தலைகளே அதிகம். வாத்துக்கு அன்று தூக்கம் வரவில்லை. அரிப்பும் போகவில்லை.

விடியற்காலை. வாசல் கதவுக்கு வெளியே எல்லோரும் சொந்தத் துணியில் நின்றார்கள். அந்த வாசலில் சொந்தத் துணியில் இவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை. புகைபோக்கியில் புகை இல்லை. ஓட்டல் வண்டி, அழுக்கு விரிப்புகளைச் சுமந்துகொண்டு தெருவை அடைத்து நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கதவின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் முதலாளி.

"என்ன வேணும்?"

"மூணு அலசல்" என்றாள் இஸ்திரி அக்கா.

"ஒன்னு தரேன்."

"ஒரு அலசல்ல நுரைகூடப் போகாது மொதலாளி. உங்களுக்குத் தெரியாததா?"

"ரெண்டு. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். வண்டிக்காரர் காத்துக்கிட்டிருக்காரு."

"அப்ப அரிப்பையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லுங்க" என்றார் பாய்லர்காரர்.

வண்டியோட்டி ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தான். முதலாளி வண்டியைப் பார்த்தார். குளிர்ந்து கிடந்த புகைபோக்கியைப் பார்த்தார். மனத்துக்குள் கூட்டிக் கழித்தார்.

"சரி. மூணு அலசல். ஆனா அந்தப் பொண்ணு உள்ள வரக்கூடாது. நோய் உள்ளவள நான் ஓட்டலுக்கு மறைக்க முடியாது. அது நியாயமுமில்ல." குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்கள்ல வேற யாருக்காவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, அவங்களும் வெளிய. இல்லாதவங்க உள்ள வரலாம், மூணு அலசலோட."

நல்ல பேரம். ஒரு ஆளை விட்டால் மீதிப் பேருக்கு முழுச் சரக்கும் கிடைக்கும். கூட்டம் அசைந்தது. அந்த அசைவு எந்தப் பக்கம் போகும் என்று மச்சினிக்குத் தெரியவில்லை. அவள் மேலாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அழாமலிருக்க உதட்டைக் கடித்தாள். தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக வாத்தின் மனைவியும் நின்றாள்.

வாத்து முன்னால் நடந்தான். அகட்டி அகட்டித்தான் நடந்தான். வேறு மாதிரி நடக்க அவனால் முடியாது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு இருக்கு மொதலாளி" என்றான். அது கம்பியைத் தாண்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, விரிப்பு தூக்க மூச்சுப் பிடிப்பதுபோலப் பிடித்து, தெருவே கேட்கும்படி சொன்னான்: "எனக்கு இருக்கு! தொடை இடுக்குல. ரெண்டு பக்கமும். உங்க சோடா தின்ன இடம். அதப் போட்டது என் கை. இந்தப் புள்ள நோயாளின்னா நான் அதுக்கு முன்னாடியே நோயாளி."

யாரோ வேடிக்கை பார்த்தவன் சீட்டியடித்தான். வாத்தின் காது மடல்கள் எரிந்தன. நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. நிலம் தன் பாட்டுக்குக் கிடந்தது.

"எனக்கும் இருக்கு" என்றார் பாய்லர்காரர் பின்னாலிருந்து. "இடமும் சொல்லணுமா மொதலாளி, நோய் மட்டும் சொன்னாப் போதுமா?"

"எனக்கு இருக்கு. காட்டணும்னா உங்க வீட்டம்மாவ வரச் சொல்லுங்க, காட்டறேன்" என்றாள் இஸ்திரி அக்கா.

பிறகு குரல்களைப் பிரிக்க முடியவில்லை. சிலர் கத்திச் சொன்னார்கள். சிலர் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். ஒருத்தி சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். யாருமே உள்ளே போகவில்லை.

"எல்லாரும் நோயாளின்னா எனக்குக் கூடமே வேண்டாம்" என்று முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்குள் அவர் தொலைபேசியைக் காதில் வைத்து நடப்பது தெரிந்தது. யாரிடம் பேசினார், ஓட்டலிடமா, புது ஆட்களிடமா, வெளியே நின்றவர்களுக்குத் தெரியாது. வெயில் ஏறியது. வண்டியோட்டி இறங்கி வந்து, "நான் எவ்வளவு நேரம்தான் நிக்கறது? நாளைக்கு வரவா?" என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டான்.

"வாங்க தம்பி" என்றாள் இஸ்திரி அக்கா. "நாங்க இங்கதான் இருப்போம்."

வண்டி துவைக்காத விரிப்புகளோடு திரும்பிப் போனது. மனைவி தூக்கில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் தங்கைக்குக் கொடுத்தாள், பிறகு அவனுக்கு. மச்சினி நெடுநாளைக்குப் பிறகு வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சுவரோரம் நிழலில் காலை மாற்றி நின்றாள்.

"மாமா, இன்னிக்கு நமக்கு என்னதான் கிடைச்சுது?" என்றாள்.

வாத்து விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். செலவு: ஆளுக்கு ஒரு நாள் கூலி, பிடித்தம் போட்ட மூன்று மூட்டை சோடா, தெருவறியப் போன வெட்கம். வரவு: வாய் வார்த்தையாக மூன்று அலசல், அதுவும் பூட்டிய கதவுக்குப் பின்னால். அரிப்பு, முன்பு இருந்த அளவே கையிருப்பு. நின்ற ஆட்களை எண்ணினான். நேற்று மாலை வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரும் குறையவில்லை.

"பாக்கி இருக்கு" என்றான். "நாளைக்கு வந்து கேப்போம்."